கடைசி நாள் இல்லாத வகுப்பு

சுனாமிக்கு மறு ஆண்டு பிறந்து, புயல் மழையில் பரீட்சை எழுதிய ஏ.எல். 2024 பட்ச்: இறக்கக்கண்டி வீதியிலிருந்து ஒரு திரும்பிப் பார்வை

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, நிலாவெளிச் சந்தியையும் ஹோட்டல் பெயர்ப்பலகைகளையும் கடந்துவிட்டால் இறக்கக்கண்டிப் பாலம் வரும். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். பின்னேரம் வெயில் தணிந்ததும் பாலத்தடியில் தூண்டில் போடுகிறவர்களோடு நாலைந்து பொடியன்களும் நிற்பார்கள். "என்ன தம்பி செய்யிறீங்க?" என்று கேட்டால் பதில் சொல்லச் சங்கடப்படுவார்கள். "எந்த பட்ச்?" என்று கேட்டுப் பாருங்கள், உடனே பதில் வரும்.

இலங்கையில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பிறந்த ஆண்டுகள் உண்டு. ஒன்று பிறப்புச் சான்றிதழில் இருப்பது. மற்றது ஏ.எல். எழுதிய ஆண்டு. கல்யாண வீட்டிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் கட்டார் விமானத்திலும் ஒருவரை ஒருவர் அடையாளம் காண்பது இந்த இரண்டாவது ஆண்டை வைத்துத்தான். அந்தக் கணக்கில் 2024 பட்ச்சுக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. இறக்கக்கண்டி போன்ற ஒரு கரையோர ஊரில் நின்று பார்த்தால் அது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

வயிற்றில் இருந்தவர்கள்

முதலாம் தரத்தில் சேர ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அதன்படி 2011 ஜனவரியில் முதலாம் தரத்துக்குப் போன பிள்ளைகள் 2005 பெப்ரவரிக்கும் 2006 ஜனவரிக்கும் இடையில் பிறந்தவர்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் இவர்களில் ஒருவரும் பிறந்திருக்கவில்லை. ஆனால் மாதங்களை எண்ணிப் பார்த்தால், இந்த வகுப்பின் பாதிக்கு மேற்பட்டோர் அன்று தாயின் வயிற்றில் இருந்திருக்கிறார்கள்.

திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கடல் எடுத்தது. கடலுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கும் நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கத்துக்கு ஓடுவதற்கென்று மேடு அதிகம் இல்லை. வயிற்றுப் பிள்ளையோடு ஓடிய தாய்மார் முகாம்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் இருந்துதான் கிளினிக்குக்குப் போனார்கள். இந்தப் பிள்ளைகள் தவழ்ந்தது தகரக் கூரைக்குக் கீழே. மூத்த நானாவின், அக்காவின் படம் சுவரில் மாலையோடு அல்லது மாலையில்லாமல் தொங்கும் வீடுகளில் 'அலைக்குப் பிறகு வந்த பிள்ளை' என்று பெயர் வாங்கி வளர்ந்தவர்களும் இவர்களுக்குள் உண்டு.

இவர்கள் கைக்குழந்தையாக இருந்தபோது போர் மறுபடியும் வந்தது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலை நகரக் கடற்கரையில் காந்தி சிலையருகே கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏ.எல். முடித்து அடுத்த கட்டத்துக்குக் கால் எடுத்து வைத்த வயது அவர்களுக்கு. விசேட அதிரடிப்படையினர் 13 பேர் மீது நடந்த வழக்கில் 2019 ஜூலையில் அத்தனை பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அப்போது 2024 பட்ச் ஒன்பதாம் தரத்தில் இருந்தது. கூட்டாளிமாரோடு கடற்கரையில் நின்று கதைக்கும் வயது வந்தபோது, தாய்மார் ஏன் "பொழுதுபடமுந்தி வீட்டுக்கு வா" என்று அத்தனை தடவை சொல்கிறார்கள் என்பது இவர்களுக்கு அப்படித்தான் விளங்கியது.

அதற்கும் முந்தின தலைமுறையிடம் கேட்டால் 1990ஐச் சொல்வார்கள். போர் மீண்டும் மூண்ட அந்த ஆண்டில் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துச் சனம் முகாம்களுக்கும் இந்தியாவுக்குமாகச் சிதறியது. புத்தகப் பையைவிட்டு ஓடிய அந்தப் பிள்ளைகள்தான் இன்று 2024 பட்ச்சின் பெற்றோர். பாதியில் நின்ற தங்கள் படிப்பைப் பிள்ளை முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் இந்த வீதியில் தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று பேதமில்லாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சமாதானத்தின் முதல் பிள்ளைகள்

2011இல் பள்ளிக்கூடம் போன இவர்கள்தான் ஷெல் சத்தம் கேட்காமல் அரிவரி படித்த முதல் வகுப்புகளில் ஒன்று. போருக்குப் பின் புல்மோட்டை வீதி தார் கண்டது, பாலங்கள் எழுந்தன, சோதனைச் சாவடிகள் குறைந்தன. புறாத்தீவுக்குப் படகு போனது. வெள்ளைக்காரர் வந்தார்கள், ஊரவர்கள் அறை வாடகைக்கு விட்டார்கள், அப்பாமாருக்கும் வாப்பாமாருக்கும் மீன் விலைக்கு மேல் ஒரு வரும்படி கிடைத்தது. 2015 ஆகஸ்ட்டில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் எழுதி, 2016இல் ஆறாம் தரத்துக்குப் போனார்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இல்லக் கூடாரம் கட்டியது, சரஸ்வதி பூசைக்கு அவல் பங்கிட்டது, மீலாத் விழாப் பேச்சுப் போட்டியில் பாதியில் மறந்து நின்றது, சிரமதான நாளில் மண்வெட்டியை யார் எடுப்பது என்று சண்டை பிடித்தது எல்லாம் ஆறாம் தரத்தில் தொடங்கிய மூன்று வருடத்துக்குள் அடங்கும். பள்ளிக்காலம் என்று மற்றவர்கள் சொல்லும் பொருளில் இவர்களுக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. இரண்டாம் தவணை தள்ளிப்போய், மே மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்தபோது வாசலில் பெற்றோர் நின்று புத்தகப் பைகளைக் கிண்டிப் பார்த்தார்கள். பிள்ளைகள் சோற்றுப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனார்கள். நிலாவெளி ஹோட்டல்கள் வெறிச்சோடின. ஒரு வகுப்பறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்த இரண்டு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் திண்டாடிய மாதங்கள் அவை. அதைப் பெரியவர்கள் எவரும் உட்கார வைத்துப் பேசவில்லை. பிள்ளைகளே எல்லே விளையாடியும் மாங்காய் பங்கிட்டும் சரிப்படுத்திக்கொண்டார்கள்.

சிக்னல் தேடிய வகுப்பு

2020 மார்ச் 13ஆம் திகதி கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பத்தாம் தரம். ஜூலை, ஆகஸ்ட்டில் படிப்படியாகத் திறந்து, ஒக்டோபரில் மறுபடி மூடி, நவம்பரில் மீண்டும் திறந்தார்கள். 2021 ஏப்ரல் பிற்பகுதியில் விழுந்த பூட்டு, பெரிய வகுப்புகளுக்கு நவம்பர் 8ஆம் திகதிதான் திறந்தது. ஓ.எல். வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் கரும்பலகையே இல்லை.

சூம் வகுப்பு என்றார்கள். ஊவாவின் பொஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறையில் ஏறியிருந்து படித்த செய்தி உலகமெங்கும் போனது. கரையோரத்தில் ஏறுவதற்குப் பாறை இல்லை. ஒரு வீட்டில் ஒரு போன். அது வாப்பாவோடு மீன் விற்கப் போய்விடும், அல்லது அண்ணனின் வேலைக்கு வேண்டும். அது வீட்டுக்கு வரும் நேரத்தில் சேரின் வகுப்பு முடிந்து, வாட்ஸ்அப் குழுமத்தில் கொப்பிப் பக்கங்களின் படங்கள் வரிசையாக விழுந்து கிடக்கும். மங்கலான அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி எழுதிய கொப்பிதான் இந்த பட்ச்சின் பாடப் புத்தகம். டேட்டா கார்ட் காசுக்கும் கறிக் காசுக்கும் போட்டி வந்த வீடுகளில் எது வென்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நடுவில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர்கள் ஜூலையில் இணைய வகுப்புகளையும் நிறுத்தினார்கள். ஆசிரியர் பக்கம் நியாயம் இருந்தது. பிள்ளைகள் பக்கமும் இருந்தது.

பள்ளி திறந்த அந்த நவம்பரிலேயே இந்த மாவட்டம் மறக்க முடியாத ஒரு காலை வந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் இறந்தார்கள். பாலம் கட்டுகிறோம் என்று பாதையை அடைத்துவிட்டு, கடப்பதற்குக் கொடுத்த மாற்று வழி அந்தப் படகு. இறக்கக்கண்டியில் பாலம் இருக்கிறது, குறிஞ்சாக்கேணியில் அன்று இருக்கவில்லை. ஒரே மாவட்டத்தில் ஒரு பிள்ளை வகுப்புக்குப் போய்ச் சேர்வதும் சேராததும் ஒரு பாலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மண்ணெண்ணெய் விலை

2021 டிசம்பரில் எழுதியிருக்க வேண்டிய ஓ.எல். பரீட்சையை இந்தப் பிள்ளைகள் 2022 மே 23ஆம் திகதி எழுதத் தொடங்கினார்கள். நாடு எந்த நிலையில் இருந்தது என்பது யாருக்கும் மறந்திருக்காது. பெற்றோல் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை, மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு, கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போன ஆண்டு. எரிபொருள் இல்லாததால் பரீட்சை நிலையத்துக்குச் சைக்கிளிலும் நடந்தும் போனவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். விளக்கைச் சுற்றி மூன்று பிள்ளைகள் இருந்து படிப்பதை ஐம்பது வயதுக்காரர்கள் கதையாகச் சொல்வார்கள். இவர்களுக்கு அது 2022ஆம் ஆண்டு நினைவு.

அந்த விளக்குக்கும் படகுக்கும் ஒரே எண்ணெய். கரையோர ஊர்களின் சிறு படகு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியது. கடலுக்குப் போனால் நட்டம், போகாவிட்டால் பட்டினி. ஓ.எல். பெறுபேறு வந்தது அந்த ஆண்டு நவம்பரில். பரீட்சைக்கும் பெறுபேறுக்கும் இடையில் கிடந்த அந்த ஆறு மாதத்தில்தான் இந்த வகுப்பு முதல் தடவையாக மெலிந்தது. கரைவலைக்குக் கைகொடுக்கப் போனவன் அப்படியே நின்றான். கடைக்கு நின்றவன் கொழும்புக்குப் போனான். ஒரு சிலர் பாஸ்போர்ட் எடுத்தார்கள். வகுப்புப் படத்தில் இருந்து அவர்களை எவரும் அழிக்கவில்லை. வரவு இடாப்பில் பெயர் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

எந்தப் பாடம், எந்த ஊர்?

ஏ.எல். என்று வந்ததும் அடுத்த கேள்வி: எங்கே படிப்பது? நம் நாட்டில் அரசாங்கப் பாடசாலைகள் பத்தாயிரத்துக்கு மேல். விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாத் துறைகளும் உள்ள '1ஏபி' பாடசாலைகள் அவற்றில் சுமார் பத்தில் ஒன்றுதான். மற்றவை ஒன்றில் ஓ.எல்.லோடோ அதற்கு முன்னரோ முடிகின்றன, அல்லது கலையும் வர்த்தகமும் மட்டும் கொண்டவை. உயிரியலோ கணிதமோ படிக்க விரும்பும் கரையோரப் பிள்ளை விடியற்காலை பஸ் பிடித்து நகரத்துக்குப் போக வேண்டும். பள்ளி முடிய ரியூசன். வீடு திரும்பும்போது இருட்டிவிடும். மகளை அந்த நேரத்துக்குத் தனியே பஸ்ஸில் விட மனம் வராத வீடுகளில், "ஆர்ட்ஸ் எடு மகள், அதுவும் படிப்புத்தானே" என்பதோடு ஒரு டொக்டரின் கதை முடிந்துவிடும். திறமை இருந்தும் பாடத்தைப் பஸ் நேர அட்டவணை தீர்மானித்த பிள்ளைகள் இந்த வீதியில் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் போட்டால் தாங்க மாட்டோம்.

பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5 சதவீத விசேட இடம் உண்டு. திருகோணமலை அதில் ஒன்று. மாவட்டக் கோட்டா, இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கோட்டா என்பது வாசலில் கொடுக்கும் சலுகை. வாசல் வரை வருவதற்கான வழியை ஊரில் உள்ள ஆய்வுகூடமும் இரசாயனவியல் ஆசிரியரும்தான் தர முடியும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில், கோணேசபுரியில் இருக்கிறது. இதே வீதியின் பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் அதன் வாசலைக் கடந்துதான் நகரத்துக்கு ரியூசன் போகிறார்கள்.

மழைக்குள் ஒரு பரீட்சை

2024 நவம்பர் 25, திங்கட்கிழமை. ஏ.எல். பரீட்சை தொடங்கியது. நாடு முழுவதும் 3,33,185 பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அதேநேரம் வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம் வலுத்து, திருகோணமலைக் கரையை அண்டி வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. பின்னர் அதற்கு 'ஃபெங்கல்' என்று பெயர் வந்தது.

கிழக்கில் வாடை தொடங்கினால் என்ன நடக்கும் என்பதைப் பரீட்சைத் திணைக்களத்தின் நாட்காட்டி அறியாது, இறக்கக்கண்டிக் களப்பு அறியும். தோணியைக் கரையேற்றிக் கட்டுவார்கள். வளவில் தண்ணீர் நிற்கும். வீட்டுக்குள் நனையாத ஒரு மூலை தேடுவார்கள். அந்த மூலையில் முதலில் வைக்கப்பட்டது பிளாஸ்டிக் உறையில் போட்ட அனுமதி அட்டை. சுட்டெண் அழிந்துவிடக் கூடாது என்று உறைக்கு மேல் இன்னொரு உறை.

26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில், வெள்ளத்தைக் கடந்த உழவு இயந்திரத்தோடு மதரசா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். 27ஆம் திகதியிலிருந்து பரீட்சை நிறுத்தப்பட்டது. முதலில் மூன்று நாள் என்றார்கள், பிறகு டிசம்பர் 3 வரை என்றார்கள். 4ஆம் திகதி மறுபடி தொடங்கியது. விட்டுப்போன வினாத்தாள்களுக்கு டிசம்பர் 21இலிருந்து 31 வரை புதிய திகதிகள் வந்தன. சுனாமியின் இருபதாம் ஆண்டு நினைவு நாள் அந்தத் திகதிகளுக்கு நடுவில் விழுந்தது. காலையில் கடற்கரையில் பூப்போட்டும் மையவாடியில் துஆ கேட்டும் வந்த வீடுகளில், பின்னேரம் பிள்ளை கடந்தகால வினாத்தாளை விரித்து உட்கார்ந்தது.

கடைசிப் பரீட்சை நாளுக்கென்று நம் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைச் சட்டையின் முதுகில் மார்க்கர் பேனாவால் கூட்டாளிமார் கையெழுத்துப் போடுவார்கள். "மறக்காதே மச்சான்" என்று ஒருவன் எழுதினால், அவனிடம் வாங்கிய கடனை இன்னொருவன் எழுதுவான். பெண்பிள்ளைகள் ஓட்டோகிராப் கொப்பியில் பூ வரைந்து கொடுப்பார்கள். அந்தச் சட்டையை உம்மா துவைக்காமல் மடித்து அலுமாரிக்குள் வைப்பார். 2024 பட்ச்சுக்கு அந்த ஒரு நாள் கிடைக்கவில்லை. திகதிகள் சிதறியதில் ஒருவனுக்கு டிசம்பர் 20ஓடு பரீட்சை முடிந்தது, இன்னொருத்திக்கு 28, வேறொருவனுக்கு ஆண்டின் கடைசி நாள். எல்லாரும் சேர்ந்து வாசலைத் தாண்டிய தருணம் என்று ஒன்று இல்லை. ஓரொருவராய், மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு, பள்ளிக்காலத்தை விட்டு இறங்கிப் போனார்கள்.

பிறகு?

2025 ஏப்ரல் 26ஆம் திகதி பெறுபேறு வந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றவர்கள் 1,77,588 பேர். உள்ளே எடுக்கப்படுவோர் ஆண்டுக்கு நாற்பதாயிரத்துச் சொச்சம். தகுதி உண்டு, இடம் இல்லை என்ற வரிசையில் ஒரு இலட்சத்துக்கு மேல். அவர்களில் இறக்கக்கண்டிப் பக்கத்துப் பிள்ளைகளின் வழிகள் நமக்குத் தெரிந்தவைதான்: ஹோட்டல், கடல், வெங்காயத் தோட்டம், தொழிற்பயிற்சி, வளைகுடா, இரண்டாம் தடவைப் பரீட்சை, பெண்பிள்ளை என்றால் ஒரு கல்யாணப் பேச்சு.

இவர்களைப் பார்த்து "கஷ்டப்பட்டாலும் தாக்குப்பிடித்த பிள்ளைகள்" என்று மேடையில் பாராட்டுவது நமக்குச் சுலபம். அதில் ஒரு வசதியும் இருக்கிறது. தாக்குப்பிடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் நாம் எதையும் திருத்தத் தேவையில்லை. புயலையும் தொற்றையும் யாரும் தடுக்க முடியாதுதான். நவம்பரில் கிழக்கில் மழை பெய்யும் என்பது மட்டும் புதினமல்ல. 2019 வரை ஏ.எல். பரீட்சை ஆகஸ்ட்டில் நடந்தது. கச்சான் காற்று அடிக்கும், வீதி காய்ந்திருக்கும், கடல் அமைதியாக இருக்கும், அப்பாமார் கையில் காசு புழங்கும் மாதம் அது. கொரோனாவோடு அந்த நாட்காட்டி குலைந்தது. 2020இல் ஒக்டோபர், பிறகு பெப்ரவரி, ஜனவரி, மறுபடி ஜனவரி, கடைசியில் நவம்பர். 2025 நவம்பரில் அடுத்த பட்ச் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது 'டித்வா' புயல் வந்தது. பரீட்சை மறுபடி நிறுத்தப்பட்டது. ஒரு தடவை என்றால் விதி என்று சொல்லலாம். இரண்டாம் தடவைக்கு நாட்காட்டி போட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே இந்த பட்ச்சின் சார்பில் கேட்பதற்கு இரண்டு விஷயம் இருக்கிறது. ஏ.எல். பரீட்சை மறுபடி ஆகஸ்ட் மாதத்திலேயே நிலைக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் மாரிக்குள் நகரக் கூடாது. நிலாவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையில் உள்ள பிள்ளைகளுக்கு, நகரத்துக்குப் போகாமலே விஞ்ஞானமும் கணிதமும் படிக்க ஆய்வுகூடமும் நிரந்தர ஆசிரியர்களும் வேண்டும். வளாகம் வீதியோரத்தில் இருக்கிறது. அதன் வாசலில் இந்த வீதியின் பிள்ளைகளும் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு சொல். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ 2024 பட்ச் பிள்ளை ஒன்று இருந்தால், "என்ன, இன்னும் சும்மாதானா இருக்கிறாய்?" என்று கேட்காதீர்கள். பத்தாம் தரத்தில் எப்படிப் படித்தாய் என்று கேளுங்கள். பதில் சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு பின்னேரம் முழுக்கத் தேவைப்படும். இருந்து கேளுங்கள்.